கப்பலில் ஒரு குறட்டை விசாரணை

குறட்டை விடுகிறவர் என்று ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. குறட்டையைக் கேட்டவர்களைத்தான் சந்தித்திருக்கிறேன். "நானா? குறட்டையா?" என்று கண்ணை விரிக்காத மனிதர் உண்டா? எப்போதும் பக்கத்தில் படுப்பவர்தான் விடுவார். அவரைக் கேட்டால் அவர் நம்மைக் கை காட்டுவார். இருபத்து மூன்று வயதுவரை நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். சாதாரண உறுப்பினராக இல்லை, தலைவியாகவே இருந்தேன்.

இதில் என் பிறந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். அப்பா, மூன்று அண்ணன்கள், நான். அப்பா கீழ் ஸ்தாயியில் ஆரம்பிப்பார், பெரிய அண்ணன் மேலே கொண்டு போவார், மற்ற இருவரும் அவரவருக்குத் தோன்றியபடி செய்வார்கள். சிவகங்கைப் பக்கம் எங்கள் தெருவில் திருட்டே நடந்ததில்லை. இத்தனை சத்தத்துக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் அமைதியாகத் தூங்குகிறேன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. அதை மறுத்துச் சொல்ல அந்த வீட்டில் விழித்திருந்தவர் யாரும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு அந்தமானிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு டாலிகஞ்சில் சைக்கிள் கடை, புரோத்ராபூரில் வீடும் கொஞ்சம் நிலமும். போட்டோவில் காது கொஞ்சம் பெரிதாக, சிரிக்கலாமா வேண்டாமா என்று யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி நின்றிருந்தார். எனக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. (அப்பாவிடம் "உங்க இஷ்டம்ப்பா" என்றுதான் சொன்னேன். பிடித்திருக்கிறது என்பதை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம்.) அதற்கு முன் இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. ஒன்று நிறத்துக்காக, இன்னொன்று நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்ததற்காக. இதுவும் தட்டிப் போனால் அப்பா என்னை ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு மறந்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் அந்தமான்காரர்களுக்கு ஜாதகம் மட்டும் போதாது. அங்கே குடியேறியவர்கள் ஆளுக்கொரு ஊர். பெண் எப்படி என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி இருப்பார், அடுத்த வீட்டில் ஒரு மலையாளி. ஆகவே மாப்பிள்ளையின் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதற்குக் 'கப்பல் பார்ப்பது' என்று பெயர். மாப்பிள்ளையின் தாயார் வந்து பெண்ணைத் தன்னோடு ஒரே கப்பலில், ஒரே பங்க் கூடத்தில் அழைத்துப் போவார். மதராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு நாலு நாள். கடல் குமட்டும். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூஸுக்கு அதைவிடப் பெரிய வரிசை. அதில் மூடி மறைக்க முடிந்த குணம் என்று ஒன்று கிடையாது. கரை இறங்கும்போது தாயார் முகம் மலர்ந்திருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் பெண் வீட்டார் அதே கப்பலில் மெயின்லேண்டுக்குத் திரும்பிவிட வேண்டியது. அப்பா முன்ஜாக்கிரதைக்காரர். திரும்புவதற்கும் இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அத்தை (அப்போது வருங்கால மாமியார்) ஒல்லியாக, நிமிர்ந்து, யாருக்கும் வழிவிடாமல் நடப்பவர். தீவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்ததில் அவருடைய தமிழில் இந்தி புகுந்து நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

"ஏத்தா, பெட்டிய நகட்டு. ஜல்தி, ஜல்தி! நல்ல பங்க்கெல்லாம் போயிரும்" என்றுதான் என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

அப்பாவுக்கு ஆண்கள் பக்கம் இடம். பெண்கள் பக்கம் அடுக்கடுக்காக இரும்புக் கட்டில்கள். எனக்கு மேல் கட்டில். எனக்கு நேர் கீழே அப்பலம்மா என்ற தெலுங்கு அம்மாள். சௌல்தாரியில் குடியிருப்பவர். கணவர் காட்டில் மரம் வெட்டும் வேலையில் இருந்து காலமானவர். அந்தம்மாள் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல பருமன். எதிர்க் கட்டிலில் அத்தை.

முதல் ராத்திரி கழிந்து காலையில் டீ வந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தது.

"ராத்திரி என்ன சத்தம் அது? இன்ஜினா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்ஜினுன்னா ஒரே சீரா ஓடும். இது நடுவுல நின்னு, மூச்சு வாங்கி, மறுபடி கெளம்புச்சு" என்றார் அத்தை.

"கப்பல் முங்கிப் போவுதுன்னு நெனச்சு ஞான் ஜெபம் சொல்லிட்டேன்" என்றார் ஒரு மலையாள நர்ஸ்.

கப்பலுக்குச் சேதம் இல்லை, எவளோ குறட்டை விட்டிருக்கிறாள் என்று கொஞ்ச நேரத்தில் முடிவானது. எவள் என்பதுதான் தெரியவில்லை. இருட்டு, இரும்புச் சுவர், சத்தம் நாலா பக்கமும் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அத்தைக்கு முன்னால் என் படிப்பைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று எனக்குத் தோன்றியது. "கவலைப்படாதீங்க அத்தை, நான் கண்டுபிடிக்கிறேன்" என்றேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது.

அன்று ராத்திரி தூங்காமல் காவல் இருந்தேன். ஒரு சத்தம் இல்லை. விடிந்ததும் எல்லோரும் முகம் தெளிந்து எழுந்து என்னைப் பாராட்டினார்கள். "படிச்ச புள்ள முழிச்சிருக்குன்னதும் அடங்கிருச்சு பாத்தியளா" என்று அத்தை நாலு பேரிடம் சொன்னார். குற்றவாளி என் கண்ணுக்குப் பயந்துவிட்டாள் என்று நானும் முடிவு கட்டினேன். இதற்கு வேறொரு விளக்கமும் இருக்கலாம் என்பது, பிள்ளைகளுக்குக் காரண காரியம் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி பெற்றிருந்த எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தபடியாக விசாரணை. சத்தம் கேட்ட அந்த முதல் ராத்திரி யார் யார் நன்றாகத் தூங்கினீர்கள் என்று கேட்டேன். குறட்டை விட்டவள் நன்றாகத் தூங்கியிருப்பாள் அல்லவா? இரண்டு பேர்தான் தேறினார்கள். ஒருவர் அப்பலம்மா. இன்னொருவர் நான். இரண்டு பேரில் ஒருவர்தான் குற்றவாளி, அது நானாக இருக்க முடியாது, ஆகவே அப்பலம்மா. இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

தீர்ப்பைச் சொன்னதும் அப்பலம்மா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஹோ சக்தா ஹை, பேட்டி. இருக்கலாம். மா ஆயன, என் வீட்டுக்காரர், போய் பத்து வருஷமாச்சு. அதுக்கப்புறம் எனக்குச் சொல்ல யாரு இருக்காங்க?" என்றார்.

யாரும் கேட்காமலே போர்வையை எடுத்துக்கொண்டு அன்று ராத்திரி டெக்கில் போய்ப் படுத்தார். முந்தின ராத்திரிக் காவலுக்கும் சேர்த்து நான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

காலையில் எல்லோருக்கும் மறுபடி கண் சிவந்திருந்தது. "அந்தம்மா மேல டெக்குல. சத்தம் மட்டும் இங்கன இருக்கே?" என்று அத்தை கேட்டார். நான் அசரவில்லை. ஒலி காற்றைவிட இரும்பில் வேகமாகப் போகும் என்று பாடம் நடத்தினேன். கப்பல் இரும்பு. கட்டில் இரும்பு. டெக்கிலிருந்து காற்று வரும் குழாய் நேராக நம் தலைக்கு மேல்தான் முடிகிறது. எல்லோரும் அண்ணாந்து அந்தக் குழாயைப் பார்த்தார்கள். "மேல இருந்தே இம்புட்டுன்னா, பக்கத்துல படுத்தா என்ன கதியாகும்!" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இன்னும் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள் என்று மற்றவர்கள் கேட்டுக்கொள்ள, கடைசி ராத்திரி அப்பலம்மா கப்பலின் முன்மூக்குக்கே போய்விட்டார். அங்கே அடிக்கிற காற்றில் தலைமுடி இருப்பவர்களே நிற்க முடியாது. அப்படியும் சத்தம் குறையவில்லை. அந்தம்மாளுக்குப் பெரிய நெஞ்சுக்கூடு என்று பேசிக்கொண்டார்கள்.

போகும்போது அவருக்கு நல்லது செய்துவிட்டுத்தான் போவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வாரப் பத்திரிகையில் டாக்டர் பகுதி விடாமல் படிப்பேன். மல்லாந்து படுக்கக்கூடாது, தலையணையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும், ராத்திரி வயிறு முட்டச் சோறு கூடாது, மூக்கடைப்பு இருந்தால் ஆவி பிடிக்க வேண்டும், அப்படியும் கேட்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று விரல்விட்டுச் சொன்னேன். மல்லாந்து படுப்பதைத் தடுக்க ஒரு உபாயமும் தெரியும். துணியில் சின்னப் பை தைத்து, நாலு கொட்டைப் பாக்கைப் போட்டு, அதை அப்பலம்மாவின் ரவிக்கை முதுகில் என் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். புரண்டு மல்லாந்தால் பாக்கு குத்தும், தானாக ஒருக்களித்துவிடுவார். அவர் தும்மிக்கொண்டே (டெக் காற்று) என் கன்னத்தைத் தடவி, "பகுத் அச்சி பேட்டி, ரொம்ப நல்ல பொண்ணு" என்றார்.

போர்ட் பிளேரில் இறங்கும்போது அத்தையின் முகம் மலர்ந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பெரிதாக மூச்சு விட்டார்.

கப்பல் திரும்புவதற்குள் கல்யாணம் என்று ஏற்பாடு. புரோத்ராபூரில் அத்தை வீட்டு வாசலில் தென்னை ஓலைப் பந்தல். பெண் வீட்டுக்கு அப்பாவைத் தவிர ஆள் இல்லை. அதற்கும் தீவில் வழி இருந்தது, கூடக் கப்பலில் வந்தவர்களைச் சொந்தமாக வைத்துக்கொள்வார்கள். அத்தை பெண்கள் பங்க்கில் இருந்த எல்லோரையும் அழைத்திருந்தார். நர்ஸ் வந்தார், கன்னத்தில் கை வைத்த அம்மாள் வந்தார். சௌல்தாரியிலிருந்து அப்பலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் அத்தை, மருமகள் கப்பலில் குறட்டைக்காரியைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பலம்மாவும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மேளம் நாதஸ்வரம் அங்கே எளிதில் கிடைக்காது. டவுனிலிருந்து பேட்டரியில் ஓடுகிற மைக் செட்டு வந்திருந்தது. தென்னை மரத்தில் ரோட்டைப் பார்த்து இரண்டு குழாய் ஸ்பீக்கர். இசைத்தட்டு ஓடும், முடிந்ததும் மைக்கில் ஏதாவது அறிவிப்பார்கள், மறுபடி இசைத்தட்டு.

காலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பூசாரி டவுனிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பஸ் வரவில்லை. என்னை அலங்காரம் பண்ணி, இட்லியும் கேசரியும் தாராளமாகக் கொடுத்து, உள் அறையில் பலகைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மழை நனைக்கிறதே என்று மைக் செட்டுக்காரர் மைக்கைக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்தார். "அஞ்சு நிமிஷம்மா" என்று டீ குடிக்கப் போனார். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கேசரி தன் வேலையைக் காட்டியது.

இதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நேரில் கேட்கும் நிலையில் நான் இல்லை.

மழை விட்டது. இசைத்தட்டும் முடிந்தது. தென்னை மரத்திலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. மைக் செட்டுக்காரர் டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து பேட்டரியைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டினார், எர்த் கோளாறு என்று எல்லோரிடமும் சமாதானம் சொன்னார். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லையாம். ஊர் ஞாபகம் வந்ததாம், அவ்வளவுதான்.

சத்தம் நடுவில் நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி கிளம்பியது. பந்தலில் பெண்கள் பங்க் மொத்தமும் எழுந்து நின்றது.

"யஹீ ஹை! இதேதான்! கப்பல் சத்தம்!" என்று கத்தினார் அப்பலம்மா. "ஆனா நான் இங்கே முழிச்சு நிக்கறேனே!"

எல்லோரும் அறை வாசலுக்கு ஓடி வந்தார்கள். என் சத்தம் உச்சிக்குப் போய் அதிலேயே எனக்கு விழிப்புத் தட்டியது. கண்ணைத் திறக்காமல், தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் சொன்னது இது: "அப்பலம்மா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

இதுவும் ஸ்பீக்கரில் போனது.

கண்ணைத் திறந்தேன். வாசல் நிறைய முகங்கள். முதல் வரிசையில் அப்பலம்மா, நன்றாக விழித்துக்கொண்டு நின்றார். அவர் மூக்கு சிவந்திருந்தது. இரண்டு ராத்திரிக் காற்று. அந்த மூக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"கப்பல் என்னைக்குக் கெளம்புது?"

அப்பா டிக்கெட் இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போட்டோவில் பார்த்த அந்தப் பெரிய காதுகளை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தேம்பினேன். அதுவும் ஸ்பீக்கரில் போனது. மைக்கை அணைக்க வேண்டும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. டவுன் பஸ் அந்த நேரம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பூசாரி இறங்கின பிறகும் பஸ் நகரவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்திருக்கிறார்.

"குறட்டை கெடக்குது. ஒரு பாவப்பட்ட மனுசியை டெக்குல தூக்கிப் போட்டுட்டு, அதுக்கு இரும்பு கிரும்புன்னு பாடம் வேற! நானும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?" என்றார் அத்தை. அவர் கேட்டது நியாயம்.

அப்போது மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நேரில் காது இன்னும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஸ்பீக்கர்ல கேட்டா எல்லாமே பெருசாத்தான் கேக்கும். நேர்ல இம்புட்டு இருக்காது."

"நான் நேர்ல கேட்டவடா!" என்றார் அத்தை.

"அது கப்பல். இரும்பு" என்றார் அவர். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

ரோட்டில் பஸ்ஸிலிருந்து யாரோ, "அரே, ஷாதி கர் தோ! கல்யாணத்தை முடிங்க!" என்று கத்தினார்கள். அத்தை கொஞ்சம் தடுமாறினார். பிறகு, "பாதிக்கப்பட்டது அப்பலம்மா. அவுக சொல்லட்டும். அவுக வேண்டாம்னா வேண்டாம்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து போய் அப்பலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க இந்தி தெரியாது, தெலுங்கும் தெரியாது. தமிழில் கேட்பதற்குள் தேம்பல் முந்திக்கொண்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு தும்மல் போட்டார்.

"ரெண்டு ராத்திரி இந்தப் பொண்ணுக்காகக் காத்துல படுத்தேன். தல ஜில்லுன்னு போச்சு. இப்போ ஷாதி நின்னா, அது மொத்தம் பேக்கார் ஆயிடும், வீணாப் போயிடும்" என்றார். அத்தையைப் பார்த்து, "பேக்கார் ஆகக் கூடாது. தாலி கட்டச் சொல்லு" என்றார்.

பஸ்ஸில் கை தட்டினார்கள். பஸ் கிளம்பிப் போனது. பூசாரி மணையில் உட்கார்ந்தார். அப்பா ஒரு டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை ரத்து செய்தார். தாலி ஏறின பிறகு அப்பலம்மா ரவிக்கை முதுகில் இருந்த தையலைப் பிரித்து, அந்தக் கொட்டைப் பாக்குப் பையை எடுத்து, எல்லோர் முன்னாலும் என் கையில் வைத்து மூடினார். அதைத்தான் பல வருஷம் முதுகில் தைத்துக்கொண்டு படுத்தேன். உயரத் தலையணை, ராத்திரி அரை வயிறு, ஒருக்களித்த படுக்கை என்று டாக்டர் பகுதியில் படித்த அத்தனையும் செய்தேன். குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல நான் யார்?

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அத்தை தன் மகனிடம் மெதுவாக, "என்னப்பா, நீ சொன்னபடி நேர்ல கொறைச்சலா இருந்துச்சா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் நன்றாக யோசித்துவிட்டு, "மைக் செட்டுக்காரர் நல்ல மனுசன்மா. சத்தத்தைக் கொறைச்சுத்தான் வச்சிருந்திருக்காரு" என்றார்.

எங்கள் வீட்டில் இது இன்றுவரை ஓயவில்லை. என் மகள் கல்யாணமும் புரோத்ராபூரில்தான் நடந்தது. காலையில் என் வீட்டுக்காரர் மைக் செட்டுக்காரரைத் தனியே அழைத்து, மணப்பெண் அறைப் பக்கம் மைக்கைக் கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மக ஒண்ணும் குறட்டை விட மாட்டா" என்றேன்.

"அவளுக்கில்லை. அவளுக்குத் துணையா நீதான உள்ள உக்காரப் போற" என்றார்.